கட்டி வளரும் கணக்கும் ஸ்கேன் எடுக்கும் கணக்கும்

ஒருவருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று கேள்விப்பட்டால் நம் ஊரில் அடுத்து வரும் கேள்வி, "குடிப்பாரா?" என்பதுதான். வாய்விட்டுக் கேட்காதவர்கள் மனதுக்குள் கேட்டுக்கொள்வார்கள். இந்தக் கேள்வியால் நொந்துபோகிறவர்களில் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் ஒரு சாரார். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டிருக்க மாட்டார்கள். மஞ்சள் காமாலை வந்த ஞாபகமும் இருக்காது. ஆனால் பல மாதங்களாக உடம்பெல்லாம் அரிப்பு. தோலில் தடிப்போ சொறியோ இல்லை. ராத்திரியானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் பிடுங்கி எடுக்கும். கத்தரிக்காயை நிறுத்திப் பார்ப்பார்கள், சோப்பை மாற்றுவார்கள், களிம்பு பூசுவார்கள். கடைசியில் யாரோ ஒரு டாக்டர் எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுக்க, அதில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற அளவு எகிறியிருப்பது தெரியவரும். கோளாறு தோலில் இல்லை, கல்லீரலுக்குள் ஓடும் பித்தநாளங்களில்.

சென்னையின் குரோம்பேட்டைக்கும் கல்லீரலுக்கும் இப்போது நெருங்கிய உறவு. ஊருக்குப் பெயர் தந்தது குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலை. அந்தக் கம்பெனியின் சுருக்கப் பெயரை இன்னும் சுமக்கும் சி.எல்.சி. ஒர்க்ஸ் ரோட்டில்தான் 2018-ல் டாக்டர் ரேலா இன்ஸ்டிட்யூட் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய முகமது ரேலா மயிலாடுதுறைப் பக்கத்துக் கிளியனூர்க்காரர். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் 1997-ல் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்குக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை செய்து உலகச் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தவர். அப்படிப்பட்ட அறுவை சிகிச்சைகள்தான் செய்தியில் வரும். ஆனால் ஒரு பித்தநாள நோயாளி அந்த அறுவை வரை போகாமல் தப்பிப்பதும், போக வேண்டி வந்தால் நேரத்தோடு போய்ச் சேர்வதும், ஜி.எஸ்.டி. சாலையோரத்து ஸ்கேன் சென்டரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் படுத்து எழுவதில் இருக்கிறது. ஏன் ஆறு மாதம்? யாருக்கு ஆறு மாதம்? எந்த ஸ்கேன்? இதற்கெல்லாம் விடை பித்தநீர் ஓடும் பாதையில் தொடங்குகிறது.

பித்தம் போகும் வழி

ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல், நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. கொலஸ்ட்ராலிலிருந்து கல்லீரல் தயாரிக்கும் பித்த அமிலங்கள்தான் அதில் முக்கியமானவை. நாம் சாப்பிடும் எண்ணெயையும் நெய்யையும் நுண்ணிய துளிகளாக உடைத்து, குடல் உறிஞ்சிக்கொள்ளும்படி செய்வது அவைதான். வேலை முடிந்ததும் அவற்றில் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைப்பகுதி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்புகிறது. ஒரே நாளில் பல தடவை இந்தச் சுற்று நடக்கிறது.

கொழுப்பைக் கரைக்கும் இந்தக் குணத்தில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. நம் செல்களின் மேலுறையும் கொழுப்பால் ஆனதுதான். பித்த அமிலம் ஓடிக்கொண்டே இருக்கும் வரை பிரச்சினை இல்லை; தேங்கினால் பக்கத்திலுள்ள செல்களின் மேலுறையையே அரிக்கத் தொடங்கும். அதனால்தான் கல்லீரலுக்குள் இத்தனை வடிகால். தலைமுடியைவிட மெல்லியதாகத் தொடங்கும் நாளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, கடைசியில் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே குழாயாகக் குடலில் திறக்கின்றன. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் கால்வாய் வழியே பள்ளிக்கரணை நோக்கிப் போக வேண்டும். கால்வாய் அடைத்தால் கடலுக்குப் பக்கத்தில் வெள்ளம் வராது, ஏரிக்கரைத் தெருவில்தான் வரும். பித்தநாளம் அடைத்தாலும் சேதம் குடலில் இல்லை, மேலே கல்லீரலில்.

அடைப்பு எங்கே என்பதைப் பொறுத்து நோயின் பெயர் மாறும். மிக நுண்ணிய நாளங்களை உடலின் நோய் எதிர்ப்புப் படையே தாக்கி அழித்தால் அது பி.பி.சி., அதாவது பிரைமரி பிலியரி கோலஞ்சைடிஸ். பத்து நோயாளிகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். மேலே சொன்ன அரிப்புக்காரர்கள் இவர்கள்தான். பெரிய நாளங்கள் அங்கங்கே தழும்பேறிச் சுருங்கி, இடையிடையே வீங்கி, எம்.ஆர்.ஐ. படத்தில் மணிமணியாகத் தெரிந்தால் அது பி.எஸ்.சி., பிரைமரி ஸ்கிளிரோசிங் கோலஞ்சைடிஸ். இதில் ஆண்கள் அதிகம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பெருங்குடல் புண் நோயும் கூடவே இருக்கும். பிறந்த குழந்தையின் பித்தநாளமே மூடிப்போவது பிலியரி அட்ரீசியா.

பி.பி.சி.யை உறுதிசெய்ய உதவும் ரத்தப் பரிசோதனை ஏ.எம்.ஏ. பத்துக்கு ஒன்பது நோயாளிகளிடம் இந்த எதிர்ப்பொருள் காணப்படுகிறது. அது குறிவைப்பது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு புரதத்தை. விசித்திரம் என்னவென்றால், அந்தப் புரதம் தலை முதல் கால் வரை எல்லாச் செல்களிலும் இருக்கிறது. அடி விழுவது மட்டும் பித்தநாளச் செல்களுக்கு.

இதற்கான முதல் மருந்தின் பூர்வீகம் இன்னும் விசித்திரம். கரடியின் பித்தத்தைச் சீன வைத்தியர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மருந்தாகக் கொடுத்துவந்தார்கள். அதில் மிகுதியாக உள்ள உர்சோடியாக்சிகோலிக் அமிலம்தான் இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் 'உர்சோ' மாத்திரை. இப்போது அதற்குக் கரடி தேவையில்லை, மாட்டுப் பித்தத்தின் அமிலத்திலிருந்து தயாரித்துவிடுகிறார்கள். மற்றப் பித்த அமிலங்களைப் போல் இது செல்லை அரிப்பதில்லை; அரிக்கும் அமிலங்களின் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு பித்த ஓட்டத்தையும் கூட்டுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் என்பது தினசரி அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம் மாத்திரை மூன்று. ஓர் ஆண்டு சாப்பிட்ட பிறகு ரத்தப் பரிசோதனையில் அளவுகள் இறங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்குப் போதிய அளவு இறங்குவதில்லை. அந்த ஓராண்டு ரிப்போர்ட்டுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு.

நாளத்தில் நோய், கல்லீரலில் புற்று

பி.பி.சி.யில் நோய் நாளத்தில். ஆனால் புற்று வருவது பெரும்பாலும் கல்லீரல் செல்லில். தேங்கிய பித்தம் செல்களைக் கொல்கிறது. கல்லீரல் சும்மா இருக்காது, மிச்சமுள்ள செல்களைப் பிரித்துப் பிரித்து இழப்பை ஈடுகட்டும். கூடவே காயம் ஆறிய இடங்களில் தழும்புநார் படியும். ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் வழவழப்பான கல்லீரல் முடிச்சு முடிச்சாக இறுகிவிடும். இதுதான் சிரோசிஸ். ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் மரபணுவைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும் தடவை கூடக் கூட, பிழை விழும் வாய்ப்பும் கூடும். அந்தப் பிழைகளில் ஒன்று கட்டுப்பாடில்லாத வளர்ச்சிக்கு வழிவிட்டால் அதுவே புற்று.

எத்தனை பேருக்கு அப்படி ஆகிறது? ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 4,565 பி.பி.சி. நோயாளிகளைப் பல்லாண்டு கவனித்து 2016-ல் வெளியான பெரிய ஆய்வில், கல்லீரல் புற்று வந்தது 123 பேருக்கு. ஆயிரம் நோயாளிகளை ஓர் ஆண்டு பார்த்தால் மூன்று, நான்கு பேர். ஆக, நோயின் பெயரைக் கேட்டதும் புற்று என்று பதறத் தேவையில்லை. ஆனால் இந்த ஆபத்து எல்லோர் மேலும் சமமாக விழவில்லை. ஆண்களுக்குப் பெண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. ஓராண்டு உர்சோவுக்குப் பிறகும் ரத்த அளவுகள் இறங்காதவர்களுக்கு, இறங்கியவர்களைவிட நாலரை மடங்கு. ரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கும் நோய் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கும் கூடுதல். பி.பி.சி. பெண்கள் நோய் என்று பேர் வாங்கியதால் ஆண்களுக்குத் தாமதமாகவே சந்தேகம் வருகிறது. புற்று ஆபத்தோ அவர்களுக்குத்தான் அதிகம்.

இதிலிருந்துதான் விதி பிறக்கிறது: சிரோசிஸ் வந்துவிட்ட பி.பி.சி. நோயாளிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிறு ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) எடுக்க வேண்டும், கூடவே ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் செய்வது நல்லது. ஆண்கள் சிரோசிஸ் இல்லாவிட்டாலும் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் 2018-ல் சேர்த்தது. சிரோசிஸ் இல்லாத, உர்சோவுக்கு நன்கு இணங்கிய பெண்ணுக்குப் புற்றைத் தேடி ஆறு மாத ஸ்கேன் தேவைப்படுவதில்லை. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் ரத்தப் பரிசோதனைகளும் அவருக்குப் போதும்.

ஆறு மாதம் எங்கிருந்து வந்தது?

கல்லீரல் புற்றுக்கட்டியின் கன அளவு இரட்டிப்பாக நடுத்தரமாக நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு சென்டிமீட்டர் கட்டி இரண்டு சென்டிமீட்டர் ஆவது என்றால் விட்டம்தான் இரட்டிப்பு; கன அளவு எட்டு மடங்கு. அதாவது மூன்று இரட்டிப்பு, சராசரியாக ஓராண்டுக்கு மேல். வேகமான கட்டிகள் மூன்றே மாதத்தில் இரட்டிப்பாவதும் உண்டு. ஸ்கேனின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியத் தொடங்குவது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரில். முழுதாகக் குணப்படுத்தும் சிகிச்சைகளுக்குக் கட்டி சிறியதாக இருக்கும்போதே சிக்க வேண்டும். மிலான் நகரின் வின்சென்சோ மஸ்ஸஃபெரோ 1996-ல் வகுத்த அளவுகோல் இன்றும் கல்லீரல் மாற்றுக்கு வழிகாட்டுகிறது: ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்கு மேற்படாமல், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். அந்த வரம்புக்குள் கட்டி இருந்தபோது மாற்றுச் சிகிச்சை பெற்ற 48 பேரில் நான்கு ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 75 சதவீதம். கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் அளவுக்கும் சிகிச்சைக் கதவு சாத்தப்படும் அளவுக்கும் நடுவில் உள்ள அவகாசத்தில் குறைந்தது ஒருமுறையாவது ஸ்கேன் விழ வேண்டும். ஆறு மாதக் கணக்கு அதுதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் இன்னும் நல்லதில்லையா? பிரான்சில் 1,278 சிரோசிஸ் நோயாளிகளை இரு பிரிவாக்கிச் சோதித்துவிட்டார்கள். 2011-ல் வந்த முடிவு: மூன்று மாதக்காரர்களிடம் சின்னச் சின்னப் புள்ளிகள் கூடுதலாகக் கண்ணில் பட்டன, 3 சென்டிமீட்டருக்குள் சிக்கிய புற்றுக்கட்டிகள் கூடவில்லை. அலைச்சலும் பயமும்தான் மிச்சம். இன்னொரு பக்கம், ஷாங்காய் நகரில் ஹெப்படைட்டிஸ் பி தொடர்புள்ள 18,816 பேரை வைத்து நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி.யும் செய்தவர்களில் கல்லீரல் புற்று மரணம் 37 சதவீதம் குறைவு. அழைத்தவர்களில் எல்லோரும் ஒழுங்காக வராமலேயே கிடைத்த பலன் இது.

நார்மலாக இருந்தால் என்ன அர்த்தம்

ஸ்கேன் சென்டர்களில் வெறும் வயிற்றில் வரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும்; குடலில் வாயு சேர்ந்தால் ஒலி அலை உள்ளே போகாது. வலது விலாவுக்குக் கீழே ஜெல்லைத் தடவி, புரோபை அழுத்திவைத்து, "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க" என்பார்கள். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் இறங்கும்; விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கும் கல்லீரலும் சேர்ந்து கீழே வரும். எலும்பை ஒலி அலை ஊடுருவாது என்பதால் விலா இடுக்குகள் வழியாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். சிரோசிஸ் வந்த கல்லீரல் திரையில் கரடுமுரடான சாம்பல் நிறமாகத் தெரியும். அந்தக் கரடுமுரடுக்குள் ஒரு சென்டிமீட்டர் முடிச்சைத் தேட வேண்டும். வயிற்றில் கொழுப்பு அதிகமிருந்தால் தேடுவது இன்னும் கடினம்.

ஆரம்பநிலைப் புற்றைப் பிடிப்பதில் ஸ்கேனுக்குக் கிடைக்கும் மதிப்பெண் சுமார்தான்: பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஸ்கேன் மட்டும் என்றால் நூற்றுக்கு 45, ஏ.எஃப்.பி.யும் சேர்ந்தால் 63. எனவே ஒரு தடவை 'நார்மல்' என்று வந்தால் கணக்கு முடிந்துவிடாது. இன்று தப்பியது அடுத்த முறை சிக்கும் என்ற நம்பிக்கையில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. இடையில் இரண்டு தடவை போகாமல் விட்டால் அந்த ஏற்பாடே குலைகிறது.

அந்த ஏ.எஃப்.பி. தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவின் ரத்தத்தில் ஏராளமாக உள்ள புரதம். பிறந்த பிறகு சிசுவின் கல்லீரல் அதைத் தயாரிப்பதை நிறுத்திவிடும். ஒரு வயதுக்குள் அளவு தரைக்கு இறங்கிவிடும். கல்லீரல் புற்றுள்ள எலிகளில் இந்தச் சிசுப் புரதம் மறுபடி தலைகாட்டுவதை மாஸ்கோவின் காரி அபேலெவ் 1963-ல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே யூரி தாதாரினோவ் மனிதர்களிடமும் கண்டார். முதிர்ந்த செல் புற்றாக மாறும்போது, கருவில் இருந்த காலத்து மரபணுக்கள் சில மறுபடி விழித்துக்கொள்கின்றன. ஆனால் கணிசமான கட்டிகள் இந்தப் புரதத்தை வெளியிடுவதே இல்லை. எனவே இதை மட்டும் நம்பியும் இருக்க முடியாது.

ஸ்கேனில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான புள்ளி தெரிந்தால் சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதற்கு மேல் என்றால் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. இங்கேதான் கல்லீரலின் தனித்தன்மை கைகொடுக்கிறது. மற்றப் பெரும்பாலான உறுப்புகளுக்கு ரத்தம் தமனி வழியாக மட்டுமே வரும். கல்லீரலுக்கோ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும் கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. புற்றுக்கட்டி தனக்கெனப் புதுத் தமனிகளை வளர்த்துக்கொண்டு, ஏறக்குறைய முழுக்கத் தமனி ரத்தத்திலேயே வாழ்கிறது. கையில் ஏற்றிய மருந்து அரை நிமிடத்தில் தமனி வழியே கல்லீரலை எட்டும்போது கட்டி மட்டும் பளிச்சென்று ஒளிரும். அடுத்த அரை நிமிடத்தில் போர்ட்டல் சிரை வழியே மருந்து வந்து சேர, சுற்றியுள்ள கல்லீரல் வெளிச்சமாகி, கட்டி மங்கிவிடும். சிரோசிஸ் உள்ளவரிடம் இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்காமலேயே கல்லீரல் புற்று என்று முடிவு செய்யலாம். பயாப்சி இல்லாமல் படத்தை வைத்தே உறுதிசெய்யக்கூடிய புற்றுகள் மிகச் சிலவே.

நாளத்திலேயே வரும் புற்று

பி.எஸ்.சி.யில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். அங்கே புற்று பெரும்பாலும் நாளத்தின் சுவரிலேயே கிளம்பும். அதற்குச் சிரோசிஸ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாழ்நாள் ஆபத்து 10 முதல் 20 சதவீதம் வரை சொல்லப்படுகிறது. இவர்களில் பித்தநாளப் புற்று கண்டுபிடிக்கப்படுபவர்களில் கணிசமானவர்களுக்கு, பி.எஸ்.சி. இருப்பது தெரிந்த முதல் ஆண்டிலேயே அதுவும் தெரியவருகிறது. சாதாரண வயிறு ஸ்கேன் நாளத்தின் உட்சுவரைச் சரியாகக் காட்டாது. எனவே ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ.யும் பித்தநாளங்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி.யும், பித்தப்பையில் 8 மில்லிமீட்டருக்கு மேல் பாலிப் இருந்தால் பித்தப்பையை எடுத்துவிடுவது, குடல் புண் இருந்தால் ஆண்டுதோறும் கொலனாஸ்கோபி. இவ்வளவு செய்தும் நாளப் புற்றை முளையிலேயே பிடிப்பது கஷ்டம் என்று 2023-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு காட்டியது. ஐந்நூறு பேருக்கு ஐந்தாண்டு, ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்தும் கட்டிகள் போதிய அளவு முன்கூட்டிச் சிக்கவில்லை. தழும்புச் சுருக்கமும் புற்றுச் சுருக்கமும் படத்தில் ஒரே மாதிரி தெரிவதுதான் சிக்கல்.

நாளத்தை ஆண்டுக்கணக்கில் எது உறுத்தினாலும் இதே கதைதான். தாய்லாந்தின் வடகிழக்கில் ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்திச் சாப்பிடும் வழக்கம் உண்டு. அதன் மூலம் உள்ளே போகும் தட்டைப்புழு பித்தநாளத்தில் குடியேறிப் பல ஆண்டு வாழும். உலகிலேயே பித்தநாளப் புற்று மிக அதிகமான பகுதி அது. மீனைக் குழம்பில் கொதிக்கவிட்டோ எண்ணெயில் பொரித்தோ சாப்பிடும் நமக்கு அந்தப் புழு பயமில்லை.

கீழாநெல்லியும் காலமும்

காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்குவது நம் வீட்டு வைத்தியம். இதை ஆய்வகமும் அலட்சியப்படுத்தவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற பரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் எழுதினார்: வைரஸைச் சுமந்திருந்தவர்களில் கீழாநெல்லி பெற்ற 59 சதவீதம் பேரிடம் வைரஸின் அடையாளம் மறைந்தது, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 4 சதவீதம்தான். பின்னால் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் இந்த அளவு பலன் கிட்டவில்லை. அதுவும் அந்தச் சோதனை வைரஸுக்கு. நாளம் அடைத்ததற்கு இல்லை. அடைப்பால் வரும் காமாலையில் சிறுநீர் கடுங்காவி நிறத்திலும் மலம் வெளிறியும் போகும். அதைப் பார்த்ததும் நேரத்தைச் செலவிட வேண்டியது மூலிகையில் இல்லை, டாக்டரைப் பார்ப்பதில்.

குழந்தைகளிடம் இந்தத் தாமதம் நாள் கணக்கில் அளக்கப்படுகிறது. பிறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்பு வெள்ளையாகப் போனால் பிலியரி அட்ரீசியாவாக இருக்கலாம். ஜப்பானின் மோரியோ கசாய் 1950-களில் வகுத்த அறுவையில், கல்லீரலின் வாயிலில் குடலையே நேராக இணைத்துப் பித்தத்துக்கு வழி செய்வார்கள். அறுபது நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். அது கைகொடுக்காவிட்டால் மாற்றுக் கல்லீரல்தான் வழி. இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று இந்த நோய்க்குத்தான், அதுவும் நம் பக்கத்துக் காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு. 1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியைப் பெற்றபோது அவனுக்கு வயது 20 மாதம். வளர்ந்து அவர் டாக்டராகிவிட்டார். கசாய் அறுவையோடு சொந்தக் கல்லீரலிலேயே வளரும் பிள்ளைகளுக்கும் சிரோசிஸ் வந்தால் புற்றுக் கண்காணிப்பு தொடர வேண்டும்.

பித்தநாள நோய் இருப்பவர் டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று: என் நோயின் சரியான பெயர் என்ன, எனக்குச் சிரோசிஸ் வந்திருக்கிறதா, அடுத்த பரிசோதனை எது, எப்போது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். நொந்துபோன கல்லீரலுக்கு இன்னொரு எதிரி வேண்டாம். ஸ்கேனுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் படங்களையும் கையோடு எடுத்துப் போவது நல்லது. ஒரு முடிச்சு புதிதா, இரண்டு ஆண்டாக அதே அளவில் கிடக்கிறதா என்று இன்றைய படம் தனியாகச் சொல்லாது. பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட்தான் சொல்ல முடியும்.